ராத்தங்கல் கணக்கு

3,500 கிலோ. வட ஐரோப்பாவின் சாலைகளில் ஓடும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவற்றின் தலையெழுத்து இந்த ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடும் வீடுதான் மோட்டார்ஹோம். நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனுக்கு இது உறவுக்கார வண்டி. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடிய வண்டியின் எடை வரம்பு நெடுங்காலமாக மூன்றரை டன். வீடு, அதில் வாழ்கிறவர்கள், அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான், குடிதண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கிளம்பி, டென்மார்க், சுவீடன், பின்லாந்து கடந்து, நார்வேயின் வடகோடியில் 71 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நூர்காப் முனையைத் தொட்டு, நார்வேயின் மேற்குக் கரையோரமாகத் திரும்புகிறோம். போக மட்டும் 3,000 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. வரைபடத்தில் கோடு போட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் இருட்டும்போது இந்த வீடு எங்கே நிற்கும்? அந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால் எடை, தண்ணீர், சூரியன், கணிதம், சட்டம் என்று கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போகின்றன.

தண்ணீரின் எடை

வண்டியின் காலி எடை, ஓட்டுநரும் எரிபொருளும் சேர்த்து, 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 500. கூட வருபவர் 65. துணிமணி, மளிகை, பாத்திரம் 150. மின்சைக்கிள் இரண்டு 50. மடக்கு நாற்காலி, மேசை, வெயில் மறைப்பு 60. இப்போது கையில் இருப்பது 175 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. தொட்டியின் கொள்ளளவு 100 லிட்டர். தொட்டியை நிரப்பிய நொடியில் மிச்சத்தில் பாதிக்குமேல் போய்விடுகிறது. அதனால் அனுபவசாலிகள் காலையில் குறைந்த தண்ணீரோடு கிளம்பி, இரவு தங்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் நிரப்பிக்கொள்கிறார்கள். பயணத் திட்டத்தின் முதல் கேள்வி இப்படித்தான் பிறக்கிறது: குழாய் எங்கே இருக்கிறது?

வந்த தண்ணீர் போகவும் வேண்டும். மோட்டார்ஹோமில் மூன்று கலங்கள் உண்டு. ஒன்று நல்ல நீர்த் தொட்டி. அடுத்தது சாம்பல்நீர்த் தொட்டி. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் அதில் சேரும். மூன்றாவது மலக்கலம். கழிப்பறைக்கு அடியில் இருக்கும் இந்தக் கலம் 20 லிட்டருக்கு உட்பட்டது. வண்டியின் பக்கவாட்டில் உள்ள சிறு கதவைத் திறந்து, கொக்கியைத் தூக்கினால் கலம் வெளியே வழுக்கிக்கொண்டு வரும். அடியில் சக்கரம், மேலே இழுக்கும் பிடி. கழிவுக்குழி வரை தள்ளிக்கொண்டே போகலாம். கவிழ்க்கும்போது பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்கவேண்டும். அந்த வழியாகக் காற்று உள்ளே போவதால், திரவம் குபுக்குபுக்கென்று தெறிக்காமல் ஒரே சீராக இறங்கும். ஒரு பொத்தானுக்குள் எவ்வளவு யோசனை பாருங்கள்!

இரண்டு பேருக்கு மலக்கலம் சுமார் மூன்று நாள் தாங்கும். மற்ற இரண்டு கலங்களில் இன்னும் இடம் இருந்தாலும் பயனில்லை. எந்தக் கலம் முதலில் முட்டுகிறதோ, அதுதான் பயணத்தின் தாளத்தை முடிவுசெய்கிறது. காடும் ஏரியுமாக எத்தனை இரவுகளைக் கழித்தாலும், மூன்று இரவுக்கு ஒரு முறை கழிவைக் கொட்டவும் நீர் பிடிக்கவும் வசதியுள்ள இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும்.

கூரைமேல் ஒரு மின்நிலையம்

அடுத்தது மின்சாரம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தில் எவ்வளவு சக்தி இருக்கும்? பெருக்கிப் பார்த்தால் 1,200 வாட்-மணி. நம் வீட்டு மின்கட்டண அட்டையின் கணக்கில் 1.2 யூனிட், அவ்வளவுதான். மின்கலம் பழைய ஈய-அமில வகை என்றால் அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம்; அதற்குமேல் வடித்தால் சீக்கிரம் பழுதாகும். விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கைபேசி, வெப்பமூட்டியின் விசிறி எல்லாம் இந்த ஒரு யூனிட்டுக்குள் குடித்தனம் நடத்தவேண்டும்.

கூரைமேல் சூரியத் தகடு இருந்தால் இந்தக் கணக்கு மாறுகிறது, அதுவும் வடக்கே போகப்போக விசித்திரமாக மாறுகிறது. ஜூன் 21 அன்று நூர்காப்பில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 42 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். உச்சிவெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நள்ளிரவிலும் அது 4 டிகிரிக்குமேல் நிற்கும், அடிவானத்தைத் தொடவே தொடாது. மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. மெல்லிய வெயில்தான், ஆனால் 24 மணி நேரமும் வெயில். தகடு இரவுப் பணியும் பார்க்கிறது. டிசம்பரிலோ சூரியன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதே தகடு வெறும் கூரைச் சுமை. ஆகவே, ஜூன் மாதத்தில் மின்இணைப்பு இல்லாத ஏரிக்கரையில் பல நாள் தங்கலாம். குளிர்காலத்திலோ ஒவ்வோர் இரவும் மின்கம்பத்தைத் தேடிப் போகவேண்டிவரும்.

நெருப்பு தரும் குளிர்

ஒரு யூனிட் மின்சாரத்தில் குளிர்பதனப் பெட்டியும் ஓடுமா என்று கேட்கத் தோன்றும். இதற்கு 1922-இல் ஸ்டாக்ஹோமின் அரசத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் அபாரமான விடை கண்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த உறிஞ்சுமுறைக் குளிர்பதனி (ஒரு திரவம் இன்னொன்றின் ஆவியை உறிஞ்சுவதை வைத்துக் குளிரூட்டும் கருவி) சிறு தீச்சுடரால் இயங்குகிறது. மோட்டார் இல்லை, பம்பு இல்லை; அசையும் உறுப்பு என்று ஒன்றுமே இல்லை.

அது வேலை செய்யும் விதம் இது. அம்மோனியா கரைந்த தண்ணீரைச் சுடர் சூடாக்குகிறது. அம்மோனியா ஆவியாகி மேலே ஏறுகிறது. பெட்டியின் முதுகுப்புறக் குழாயில் குளிர்ந்து திரவமாகிறது. பிறகு அது ஹைட்ரஜன் நிறைந்த அறைக்குள் இறங்குகிறது. அங்கே அம்மோனியாவின் பங்குக்குரிய அழுத்தம் மிகக் குறைவு என்பதால் குளிரிலேயே மறுபடி ஆவியாகிவிடுகிறது. ஆவியாக வெப்பம் வேண்டுமே? அதைப் பெட்டிக்குள் இருக்கும் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. உள்ளே குளிர்ந்துவிடுகிறது. கடைசியில் தண்ணீர் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் தனியே பிரிய, சுற்று மறுபடி தொடங்குகிறது. ஒரு நாளுக்குச் செலவாகும் எரிவாயு சுமார் 300 முதல் 400 கிராம். 11 கிலோ உருளை ஒன்று, குளிர்பதனிக்கு மட்டும் என்றால், ஏறத்தாழ ஒரு மாதம் வரும்.

பம்பு இல்லாத கருவிக்குள் திரவத்தை நகர்த்துவது எது? புவியீர்ப்பு. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் தப்பான மூலையில் தேங்கிவிடும், குளிரூட்டல் நின்றுபோகும். அதனால்தான் தங்குமிடத்துக்கு வந்ததும் பலர் முதலில் வண்டியின் தரையில் ரசமட்டத்தை வைக்கிறார்கள், கொத்தனார் கையில் இருக்குமே, அதே குமிழிக் கருவி. குமிழி எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரத்தின்கீழ் ஆப்பு வடிவப் படிக்கட்டையைச் செருகி, வண்டியை மெல்ல அதன்மேல் ஏற்றுகிறார்கள். குமிழி நடுவுக்கு வந்தால் பால் கெடாது. மலைச்சரிவில் எவ்வளவு அழகான காட்சி தெரிந்தாலும் சமதளம் கிடைக்காவிட்டால் அங்கே தங்க முடியாது.

எரிவாயுவிலும் ஒரு பூகோளம் ஒளிந்திருக்கிறது. நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கலவை. பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. குளிர் அதற்குக் கீழே போனால் அது திரவமாகவே கிடக்கும், அடுப்புக்கு வராது. புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே வடநாடுகளில் புரொப்பேன்தான் கைகொடுக்கிறது. உருளையின் வாய்ப்பகுதி நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மன் உருளை காலியானால் நார்வேயில் மாற்றிக்கொள்வது பொதுவாக நடக்காது. பொருத்தியும் உள்ளூர் உருளையும் தேடவேண்டும். எந்த ஊரில் எரிவாயு தீரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது இதனால்தான்.

காபிக்கடையில் பிறந்த கணிதம்

இப்போது பாதைக்கு வருவோம். கைபேசியில் ஊர்ப்பெயரை இட்டதும் வழி வந்துவிடுகிறது. அந்த மாயத்தின் வேர் ஐரோப்பாவிலேயே இருக்கிறது. 1956-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்து இளைஞர், மணக்கவிருந்த பெண்ணோடு ஆம்ஸ்டர்டாமில் கடைகடையாக ஏறி இறங்கிக் களைத்துப்போய், ஒரு காபிக்கடையின் திறந்தவெளியில் உட்கார்ந்தார். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறுகிய வழி எது என்று யோசித்தார். தாளோ பென்சிலோ இல்லாமல் சுமார் இருபது நிமிடத்தில் விடை பிடிபட்டது. 1959-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. இன்றைக்கும் பாதை தேடும் கணிதத்தின் அஸ்திவாரம் அதுதான்.

முறை எளிமையானது. புறப்படும் இடத்திலிருந்து, தரையில் கொட்டிய தண்ணீர் பரவுவதுபோல, எல்லாத் திசைகளிலும் ஒரே நேரத்தில் பரவுங்கள். எந்தச் சந்திப்பை முதலில் எட்டுகிறீர்களோ, அதற்கான குறுகிய தூரம் உறுதியாகிவிட்டது. அதைப் பதிந்துகொண்டு அங்கிருந்து மேலும் பரவுங்கள். சேருமிடத்தை எட்டியதும் நிறுத்துங்கள். தவறான வழி வென்றுவிட வாய்ப்பே இல்லை, ஏனென்றால் குறுகிய வழிதான் எப்போதும் முதலில் வந்துசேரும்.

சிக்கல் அளவில் இருக்கிறது. மேற்கு ஐரோப்பாவின் சாலை வலையை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வடிவில் எடுத்தால், அதில் சுமார் 1 கோடியே 80 லட்சம் சந்திப்புகள். ஒவ்வொரு கேள்விக்கும் அத்தனை சந்துபொந்துகளிலும் பரவினால் நேரமாகும். 2008-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் சுருக்கப் படிநிலை என்ற உத்தியை வெளியிட்டார்கள். முக்கியம் குறைந்த சந்திப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி, அவற்றின் ஊடாகப் போன குறுகிய வழிகளுக்குப் பதிலாகக் கற்பனைக் குறுக்குவழிகளைப் போட்டுவைப்பார்கள். இந்த வேலை முன்கூட்டியே ஒரு முறை முடிந்துவிடும். கேள்வி வந்ததும் இரு முனைகளிலிருந்தும் மேல்நிலைச் சந்திப்புகளை நோக்கி மட்டும் தேடினால் போதும். சில நூறு சந்திப்புகளைப் பார்ப்பதற்குள் விடை வந்துவிடும். கண்டம் தாண்டும் பாதைக்கு ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால் காருக்குக் குறுகிய வழி மோட்டார்ஹோமுக்குப் போக முடியாத வழியாக இருக்கலாம். வண்டியின் உயரம் மூன்று மீட்டர். கிராமத்து ரயில் பாலத்தின் அடியில் இடைவெளி 2.8 மீட்டர் என்றால் கதை முடிந்தது. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில், தன்னார்வலர்கள் பாலத்தருகே உள்ள பலகையைப் பார்த்து உயர வரம்பையும் எடை வரம்பையும் பதிந்துவைக்கிறார்கள். வண்டியின் உயரம், அகலம், எடையைச் சொன்னால், பொருந்தாத சாலைகளை அழித்துவிட்டு மிச்சமுள்ள வலையில் நிரல் வழி தேடுகிறது. யாரோ ஒருவர் தன் ஊர்ப் பாலத்தைப் பதிந்துவைத்ததால் இன்னொருவரின் கூரை தப்புகிறது!

கடலைத் தாண்டும் விதங்கள்

ஹாம்பர்க்கிலிருந்து வடக்கே போனால் முதல் தடை கடல். டென்மார்க்கின் பெரும்பெல்ட் பாலத்தின் நடு இடைவெளி 1,624 மீட்டர். அவ்வளவு தூரம் தூணே இல்லாமல் தொங்குகிறது. கோபன்ஹேகனைத் தாண்டியதும் ஊரெசுண்ட் இணைப்பு. 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்த 16 கிலோமீட்டரில் சாலை முதலில் கடலுக்கடியில் 4 கிலோமீட்டர் போகிறது. பிறகு ஒரு செயற்கைத் தீவில் தலைகாட்டுகிறது. அதன்பின் பாலமாகச் சுவீடனுக்கு ஏறுகிறது. டென்மார்க் பக்கம் ஏன் சுரங்கம்? கோபன்ஹேகன் விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. பாலத்தின் கோபுரங்கள் 204 மீட்டர் உயரம். அவை விமானப் பாதையில் குறுக்கிடும். கடலடியில் தோண்டிய மண்ணையும் கல்லையும் குவித்து அமைத்த பெபர்ஹோல்ம் தீவு இன்று காப்பிடம். பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. விதைகளும் பறவைகளும் தாமாக வந்து குடியேறுவதை உயிரியலாளர்கள் கணக்கெடுக்கிறார்கள்.

சுங்கச் சாவடியில் ஒரு நுட்பம். இந்தப் பாலங்களில் ஆறு மீட்டருக்கு மேற்பட்ட வண்டிக்குக் கட்டணம் கூடுதல். பல படகுகளிலும் தளத்தில் அடைக்கும் நீளத்துக்கு ஏற்பவே கட்டணம். சந்தையில் 5.99 மீட்டர் நீள வேன்கள் நிறைய இருக்கின்றன. ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவு, பயணம் முழுக்க பணத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. வண்டி வாங்கும் நாளிலேயே பாதையின் ஒரு பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

நார்வேயில் கடல் நாட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல்நீர் புகுந்த நீண்ட நுழைகடல்களுக்கு ஃபியோர்டு என்று பெயர். தீவுகளையும் சேர்த்து நார்வேயின் கரையை அளந்தால் சுமார் 1,00,000 கிலோமீட்டர். பூமியை நடுக்கோட்டில் இரண்டரை முறை சுற்றிவரும் நீளம். கிறிஸ்டியான்சான் முதல் டிரான்ஹெய்ம் வரை கரையோரம் போகும் ஈ39 நெடுஞ்சாலை 1,100 கிலோமீட்டர்தான். ஆனால் ஏழு இடங்களில் படகில் ஏறவேண்டியிருப்பதால் 21 மணி நேரம் ஆகும். இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்டால் ஏமாந்துபோவோம், மணியில்தான் கேட்கவேண்டும்.

அந்தப் படகுகளில் ஒரு வரலாறு மிதக்கிறது. 1,300 மீட்டர் ஆழமுள்ள சோங்னே ஃபியோர்டில் தூண் ஊன்றிப் பாலம் கட்ட வழியில்லை. அங்கே 2015-இல் ஆம்பேர் என்ற படகு ஓடத் தொடங்கியது. 120 கார்களை ஏற்றிக்கொண்டு முழுக்க மின்கலத்தால் ஓடிய முதல் பெரிய படகு. ஒவ்வொரு கரையிலும் சுமார் பத்து நிமிடத்தில் மின்னேற்றம் செய்தாகவேண்டும். சிற்றூர்களின் மின்கம்பிகளோ அவ்வளவு மின்சாரத்தை ஒரே வீச்சில் தரும் திராணியற்றவை. பொறியாளர்கள் இரு கரைகளிலும் பெரிய மின்கலங்களை வைத்தார்கள். படகு எதிர்க்கரையில் இருக்கும்போது கரையின் மின்கலம் ஊர்க்கம்பியிலிருந்து மெல்ல மெல்ல நிரம்பும். படகு வந்ததும் சேர்த்துவைத்ததை வேகமாகக் கொடுத்துவிடும். ஊரில் விளக்கு மங்குவதில்லை.

பெர்கனுக்கு வடக்கே வேறொரு உத்தி. 1994-இல் திறந்த நூர்ஹூர்லான் பாலத்தின் 1,246 மீட்டர் பகுதி பத்து மிதவைகளின்மேல் கடலில் மிதக்கிறது. அந்தப் பகுதியைப் பக்கவாட்டில் எந்த நங்கூரமும் பிடித்துக்கொள்ளவில்லை. பாலம் வில்லாக வளைந்திருப்பதால் நீரோட்டத்தின் தள்ளுவிசையை இரு முனைகளுக்கும் கடத்திவிடுகிறது. உங்கள் மூன்றரை டன் வீடு அந்த வளைவின்மேல் உருண்டு போகிறது.

மலைக்குள் விடியும் விடியல்

மலை குறுக்கிட்டால் நார்வே அதைக் குடைகிறது. அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலைச் சுரங்கங்கள் உள்ளன. 2000-இல் திறந்த லார்டால் சுரங்கத்தின் நீளம் 24.5 கிலோமீட்டர், உலகின் மிக நீண்ட சாலைச் சுரங்கம். உள்ளே ஓட்ட சுமார் இருபது நிமிடம் ஆகும். ஒரே மாதிரியான சுவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் கண் சொக்கும், மனம் இறுகும். உளவியலாளர்களின் ஆலோசனையோடு சுமார் ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று பெரிய குகைகளை அகலமாக வெட்டினார்கள். கூரையில் நீல ஒளி, தரையோரம் மஞ்சள் ஒளி. மலையின் வயிற்றுக்குள் சூரியன் உதிப்பதுபோல் தோன்றும். களைப்புக்கு மருந்தாக ஒரு விடியலையே அங்கே கட்டிவைத்திருக்கிறார்கள்.

நூர்காப் இருக்கும் தீவுக்குப் போகும் சுரங்கம் கடல்மட்டத்திலிருந்து 212 மீட்டர் கீழே இறங்கி மறுபடி ஏறுகிறது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. மூன்றரை டன் வண்டி 212 மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2 யூனிட். வண்டியின் மின்கலத்தில் நாள் முழுக்கச் சிக்கனமாகச் செலவழிக்கும் சக்தியைவிட இது அதிகம், சில நிமிடங்களில்! பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் பிரேக்கிலேயே வெப்பமாகிவிடும். கீழ்க் கியரில் இன்ஜினைக்கொண்டே வேகத்தை அடக்கி இறங்கவேண்டும் என்பது அதனால்தான்.

எங்கே படுக்கலாம்?

பொறியியல் வழி கொடுத்தது; இடம் கொடுப்பது சட்டம். வடநாடுகள் பலவற்றில் ஒரு பழைய உரிமை உண்டு: இயற்கை வெளியில் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், கூடாரம் அடிக்கலாம். நார்வே இதை 1957-இல் சட்டமாக எழுதியது. மனிதர் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, சாகுபடி இல்லாத நிலத்தில், இரண்டு நாள் வரை அனுமதி கேட்காமல் கூடாரம் போடலாம். சுவீடன் 1994-இல் இந்த உரிமையை அரசியலமைப்பிலேயே சேர்த்தது.

ஆனால் உரிமை காலுக்குத்தான், சக்கரத்துக்கு இல்லை. புல்வெளியிலும் காட்டிலும் வண்டியை இறக்குவது குற்றம். மோட்டார்ஹோம் சாலையோரம், வாகன நிறுத்தம், ஓய்விடம் ஆகியவற்றின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. டென்மார்க்கின் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டிக்குள் படுத்துத் தூங்கலாம். நாற்காலியை வெளியே எடுத்துப்போட்டால் அது முகாமாகிவிடும், கூடாது. ஜெர்மனியில் ஓட்டும் தெம்பை மீட்டுக்கொள்ள ஓரிரவு நிற்கலாம். அதோடு ஊர் ஊராக ஷ்டெல்பிளாட்ஸ் என்ற மோட்டார்ஹோம் நிறுத்தங்களும் உண்டு: சமதளம், குடிநீர்க் குழாய், கழிவுக்குழி, மின்கம்பம். பால்டிக் கரை வழியாகப் போகிறவர்களுக்கு எஸ்தோனியாவின் அரசு வனத்துறை காட்டு முகாம்களை இலவசமாகவே வைத்திருக்கிறது, அடுப்பு மூட்டும் இடத்தோடு.

எந்த நேரத்துக்கு வந்துசேர்வது என்பதும் திட்டத்தில் அடங்கும். இருள் கவியும் வேளையிலும் விடியற்காலையிலும் எல்க் எனும் பெரிய மான் சாலையைக் கடக்கும். அதன் கால்கள் மிக நீளம். மோதினால் கால்கள் மடிய, நூற்றுக்கணக்கான கிலோ உடல் கண்ணாடிமேல் வந்து விழும். பின்லாந்தின் வடக்கில் சுமார் இரண்டு லட்சம் துருவமான்கள் வேலியில்லாமல் மேய்கின்றன. ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடத்தை அடைந்துவிடுவது நல்லது.

பருவம் இன்னொரு காவல்காரன். 1,434 மீட்டர் உயரத்தில் போகும் சோங்னெஃபியெல் மலைச்சாலை குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். மே மாதத்தில் பனியை வெட்டித் திறப்பார்கள். நூர்காப்புக்குப் போகும் கடைசி 13 கிலோமீட்டரில் குளிர்காலத்தில் தனியாகப் போக முடியாது. பனிவாரி வண்டி முன்னே போக, குறித்த நேரத்தில் வரிசையாகப் பின்தொடரவேண்டும். குளிர் வண்டிக்குள்ளும் வேலை காட்டும். கொதிகலனில் நீர் உறைந்தால் விரிந்து கலத்தைப் பிளக்கும். அதற்காகவே ஒரு சிறு அடைப்பான்; வெப்பநிலை சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால், மின்சாரம் இல்லாமலே தானாகத் திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிடும். தண்ணீர் போனாலும் கொதிகலன் தப்பும்.

கட்டுகள் தரும் விடுதலை

இத்தனை நிபந்தனைகளை வைத்துக்கொண்டு திட்டம் போடுவது தலைசுற்றும் வேலை என்று தோன்றலாம். கணிதம் அதைத் தலைகீழாகச் சொல்கிறது. பார்க்க விரும்பும் இடங்கள் பத்து என்றால், அவற்றை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. இருபது இடங்கள் என்றால் எண்ணிக்கை 19 இலக்கத்துக்கு ஓடிவிடும். எந்த நிபந்தனையும் இல்லாதவர் அந்தக் கடலில் மூழ்கிப்போவார். மலைச்சாலை மே வரை மூடியிருக்குமா? அதை முதலில் வைக்கும் வரிசைகள் ஒழிந்தன. படகு செவ்வாய்க்கிழமைக்குப் பதிவாகியிருக்கிறதா? பெரும்பகுதி உதிர்ந்தது. மலக்கலம் மூன்று நாள், மின்கலம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்குமேல் ஓட்டுவதில்லை என்று ஒவ்வொரு கட்டும் சில லட்சம் வழிகளை வெட்டித் தள்ளுகிறது. கடைசியில் கையில் நிற்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நல்ல பாதைகள்.

பின்லாந்தின் ரோவனியமியிலிருந்து நூர்காப் வரையுள்ள சுமார் 700 கிலோமீட்டரில் இதைப் பொருத்திப் பாருங்கள். ரோவனியமி முகாமில் கழிவைக் கொட்டி, நீர் பிடித்து, மின்கலத்தை நிரப்பிக் கிளம்பினால் முதல் இரவு வழியில் ஏரிக்கரையில், இரண்டாம் இரவு இனாரியின் பக்கம், மூன்றாம் இரவு எல்லை தாண்டி நார்வேயில். கலம் நிறையும் நாளில் அடுத்த வசதியிடம் கைக்கு எட்டுகிறது. நார்வேயின் கடிகாரம் ஒரு மணி பின்தங்கியது; அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைக்கிறது. நான்காம் நாள் கடலடிச் சுரங்கம், அதன்பின் நூர்காப் பாறை.

ஆகவே இப்படி ஒரு பயணத்துக்குத் தாள் எடுத்து உட்கார்ந்தால், பார்க்கவேண்டிய ஊர்களின் பட்டியலைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் மாற்ற முடியாதவற்றை எழுதுங்கள்: படகின் தேதி, மலைச்சாலை திறக்கும் மாதம். அடுத்து மூன்று இரவுக்கு ஒன்றாக வசதியுள்ள தங்குமிடங்களை வரைபடத்தில் குறியுங்கள். அந்தக் குறிகளுக்கு நடுவே விழும் இரண்டிரண்டு இரவுகளை நிரப்பாமல் விடுங்கள். காற்று பலமாக அடித்தால் பாலத்துக்கு இந்தப் பக்கமே தங்கிவிடவும், பிடித்த ஏரியில் இன்னொரு நாள் நிற்கவும் அந்த இடைவெளிதான் வழிவிடும். நினைத்த இடத்தில் நிற்கும் சுதந்திரத்தை நம்பித்தான் மோட்டார்ஹோம் வாங்குகிறார்கள். அந்தச் சுதந்திரத்தை 20 லிட்டர்க் கலமும், ஓய்விட விதிகளும், ஊர்க்கம்பியை நோகடிக்காத படகும், பாலத்தின் உயரத்தைப் பதிந்துவைத்த முகம் தெரியாத தன்னார்வலரும் சேர்ந்துதான் கட்டிக்கொடுக்கிறார்கள்.